உழைச்செல்வான் இல்லாத மருத்துவம்

ஒரு ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டுகளில், மொசாம்பிக் நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழும் மக்களுக்காகச் செபிக்கச் சொல்லியிருந்தேன். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். படித்தவர், கொடுப்பதில் தாராளமானவர். பங்கில் எந்த ஏழைப் பெண்ணின் திருமணமானாலும் முதல் உறை அவருடையதாகத்தான் இருக்கும். "சாமி, தப்பாக நினைக்கக் கூடாது. அந்த நாடுகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அள்ளிக் கொடுத்தாயிற்று. இன்னும் எத்தனை காலத்துக்கு? மருந்தை வேண்டுமானால் கொடுக்கட்டும். ஆலோசகர், ஆர்வலர், கூட்டம், பயிற்சி என்று போகிற செலவையெல்லாம் நிறுத்திவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?" என்றார்.

முழுகும் என்பதே என் கட்சி. அன்று வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரியும். அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்திருப்பேன். ஆனால் 2025 ஜனவரியில் வாஷிங்டனில் அதிகாரத்துக்கு வந்தவர்கள் நினைத்ததும் அதையேதான். இவர் கோவில் வாசலில் கேட்டார்; அவர்கள் ஆணையாகவே பிறப்பித்துவிட்டார்கள்.

மொசாம்பிக், ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இந்தியப் பெருங்கடலை நோக்கிக் கிடக்கும் நீண்ட நாடு. போர்த்துக்கீசியரிடமிருந்து 1975இல் விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, பதினைந்து ஆண்டுகள் அந்நாட்டைத் தின்றது. 1992 அக்டோபர் 4 அன்று உரோமையில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, பேச்சுவார்த்தைக்கு இடமும் கொடுத்து நடுவராகவும் நின்றது சான் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுமம். போர் ஓய்ந்து சாலைகள் திறந்தன. ஏதிலிகள் ஊர் திரும்பினார்கள். எச்.ஐ.வி.யும் ஊர் ஊராகப் பரவியது. 2021இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 100க்கு 12.5 பேர் அக்கிருமியோடு வாழ்கின்றனர். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 15 பேர். மொத்தத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள்.

இவர்களுக்கு மருந்தே கொடுக்க வேண்டாம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. நாம் அதை மறந்துவிட்டோம். 2001இல், அமெரிக்க அரசின் பன்னாட்டு உதவி நிறுவனத்துக்குத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ் என்பவர், ஆப்பிரிக்கர் பலருக்குக் கடிகாரமே பழக்கமில்லை, வேளை தவறாமல் மாத்திரை உண்ண அவர்களால் இயலாது என்னும் பொருள்படப் பேசினார். அவர் தனியாகவும் இல்லை. தடுப்புக்குப் பணம் கொடுங்கள், சிகிச்சைக்குக் கொடுப்பது வீண் என்று பெரிய பெரிய அறிஞர்களே வாதாடினார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 2002இல், அதே சான் எஜிதியோ குழுமம் மொசாம்பிக்கில் 'ட்ரீம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டு மருந்து, ஆய்வகப் பரிசோதனை, சத்துணவு மூன்றும் இலவசம். ஐரோப்பிய நோயாளிக்கு எந்தத் தரமோ அதே தரம் ஆப்பிரிக்க நோயாளிக்கும் என்பது அவர்களுடைய பிடிவாதம். சிகிச்சையால் எழுந்து நடமாடிய பெண்களே பிறகு ஆர்வலர்களாகி, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போனார்கள்.

கடிகார வாதத்துக்கு ஆய்வாளர்களும் விடை சொன்னார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006இல் வந்த தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முறையாக மருந்து உண்டோர் ஆப்பிரிக்காவில் 100க்கு 77 பேர்; வட அமெரிக்காவில் 55 பேர். கடிகாரம் யாருக்குப் பழக்கமில்லை என்று நான் கேட்கப் போவதில்லை.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்த கூட்டு மருந்தை, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்ளா நிறுவனம் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன்பின் விலை சரிந்துகொண்டே வந்தது. இன்று பெரும்பாலோர் உண்ணும் ஒரே மாத்திரைக் கலவைக்கு ஓராண்டு விலை 45 டாலருக்கும் கீழே போய்விட்டதாக 2023இல் உலக நிதியம் அறிவித்தது. ஆப்பிரிக்கா உண்ணும் இந்த மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் உருவானவை. நமக்குப் பெருமைதான். ஆனால் மருந்து இவ்வளவு மலிந்துபோனதால்தான் 'மருந்து மட்டும் போதும்' என்னும் பேச்சும் இவ்வளவு எளிதாக நாவில் வருகிறது.

இந்த மருந்தை ஒருநாள் உண்டு மறுநாள் மறக்க முடியாது. சாகும்வரை நாள்தோறும் உண்ண வேண்டும். ஒழுங்காக உண்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு ஒடுங்கும். அந்நிலையில் உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றாது. விட்டு விட்டு உண்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு மீண்டும் தலைதூக்கும். மாத்திரை கிடங்கிலிருந்து நோயாளியின் நாவுக்கு, ஒரு நாள் அல்ல, நாற்பது ஆண்டுகள் தவறாமல் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

தேத்தே என்று ஒரு மாநிலம். நாட்டின் வடமேற்கே, மலாவி, சாம்பியா, சிம்பாப்வே மூன்றும் எல்லையாகச் சூழ்ந்த வெப்பமான நிலம். சாம்பேசி ஆறு ஊடறுத்துப் பாய்கிறது. ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவு. மருத்துவர்களும் செவிலியரும் சொற்பம். மாதந்தோறும் மருந்துக்காக ஒருவர் நலநிலையத்துக்குப் போய்வர வேண்டுமானால், வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும் அல்லது நடக்க வேண்டும். நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய வயல் வேலை போயிற்று. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை இப்படி. உடம்பு தேறியவருக்கு அங்கே மருத்துவர் செய்ய ஒன்றும் இருக்காது. மாத்திரைப் புட்டியைக் கொடுத்து அனுப்புவார். எத்தனை பேர் அதைத் தாங்குவார்கள்? பலர் நின்றுபோனார்கள். அப்படி நின்றவர்களை ஏடுகளில் 'தொடர்பு அற்றவர்' என்று எழுதினார்கள். தொடர்பை அறுத்தது நோயாளியா, தொலைவா என்று ஏடு சொல்லாது.

2008இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் மாநில நலத்துறையும் சேர்ந்து அங்கே ஒரு முறையைத் தொடங்கின. அக்கம்பக்கத்தில் வாழும் நோயாளிகள், ஆறு பேர் வரை, ஒரு குழுவாகச் சேரலாம். யாரோடு யார் சேர்வது என்பது அவர்கள் விருப்பம். மாதந்தோறும் தம்மில் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் மீதமுள்ள மாத்திரையை எண்ணிக் காட்டுவர். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, யாராவது கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்வர். பிறகு ஒருவர் மட்டும் புறப்பட்டு நலநிலையத்துக்குப் போவார். அறுவரின் நிலையையும் செவிலியிடம் சொல்வார். தம் உடலைக் காட்டிச் சோதித்துக்கொள்வார். அறுவரின் மருந்தையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். அடுத்த மாதம் அடுத்தவர் முறை. ஆக, ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். மருந்தோ மாதம் தவறுவதில்லை. வரமுடியாமல் ஒருவர் படுத்துவிட்டால் மற்ற ஐவருக்கும் அன்றே தெரிந்துவிடும்.

நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. சுவரில் சாய்ந்து அமர்ந்து, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கும் அந்தச் சில நிமிடங்களை நான் எந்தப் பிரசங்கத்தைவிடவும் உயர்வாக மதிக்கிறேன். தேத்தேயில் அந்த விசாரிப்பே சிகிச்சையாயிற்று.

கணக்குக்கும் வருவோம், கேள்வி கேட்டவர் வங்கிக்காரர். முதல் இரண்டு ஆண்டுகளில் 291 குழுக்களில் 1,384 பேர் சேர்ந்தனர். வேறிடம் மாறிப் போனவர்கள் நீங்கலாக 1,301 பேர். அவர்களில் சிகிச்சையில் தொடர்ந்தவர் 1,269 பேர். இறந்தவர் 30 பேர். தொடர்பு அற்றவர் எத்தனை பேர் தெரியுமா? இருவர். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 100க்கு ஏறத்தாழ 92 பேர் சிகிச்சையில் இருந்தனர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே மருந்துக்குப் பழகி உடல் தேறியவர்கள். நேற்று நோய் தெரிந்தவரோடு அவர்களை ஒப்பிடுவது நியாயம் ஆகாது. அந்தக் கழிவையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது பெரிது. பின்னர் நாட்டின் சுகாதார அமைச்சே இம்முறையை ஏற்றது. 2018 முதல், மூன்று மாத மருந்தை ஒருசேரத் தருவது, குடும்பமாக வந்து பெறுவது என்று நோயாளியின் வாழ்க்கைக்கு ஏற்ற பல வழிகளை நாடெங்கும் விரிவாக்கியது.

"பார்த்தீர்களா, நோயாளிகளே பார்த்துக்கொள்கிறார்கள், பிறகு எதற்குச் செலவு?" என்று இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். எனக்கு இந்தக் கேள்வியின்மேல்தான் கோபம் வருகிறது. குழு தானாகக் கூடிவிடவில்லை. தன் நோயைப் பிறரறியச் சொல்லத் துணியாத பெண்ணை, அதே நோயுள்ள இன்னொரு பெண் பலமுறை போய்ப் பேசித்தான் அந்த வட்டத்துக்குள் அழைத்துவருகிறாள். அறுவரின் நிலையையும் காது கொடுத்துக் கேட்கச் செவிலிக்கு நேரம் வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு காலத்தில் வர வேண்டும். அறுவருக்காக ஒருவர் நடந்து போகும் நாளில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பதில் வந்தால், அறுவரும் ஒரே நாளில் நம்பிக்கை இழப்பார்கள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயுற்றவன் ஒன்று, தீர்க்கும் மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, உழைச்செல்வான் ஒன்று. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தை அவனுக்குச் சேர்ப்பிக்கிறவன் உழைச்செல்வான். நான்கில் அவனையும் ஒன்றாக வைத்தாரே ஒழிய, கையில் காசிருந்தால் அமர்த்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை. வரிசையில் முதலில் நிற்பவனும் நோயாளிதான். வாஷிங்டன் கணக்காளரும் எங்கள் பங்கு அலுவலரும் இந்த நான்கில் மருந்தை வைத்துக்கொண்டு, மருத்துவரையும் வைத்துக்கொண்டு, நான்காமவரை அடித்துவிடச் சொல்கிறார்கள். முதலாமவரைக் கேட்கவே இல்லை.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்க ஆணையிட்டது. சில நாட்களில் பணி நிறுத்த உத்தரவுகள் போயின. கூக்குரல் எழவே, உயிர்காக்கும் சிகிச்சைக்கும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுப்பதற்கும் விலக்கு அளித்தனர். ஏனைய தடுப்புப் பணிகளில் பெரும்பகுதி விலக்குக்கு வெளியே நின்றது. ஜூலை முதல் நாளோடு அந்த உதவி நிறுவனமே மூடப்பட்டது. அதே ஜூலையில் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, மொசாம்பிக்கில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட நலப் பணியாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது. பரிசோதனைக்கு அழைத்துவந்தவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், வீடு வீடாய்ச் சென்ற ஆர்வலர்கள் இவர்களெல்லாம் இப்படிப்பட்ட திட்டப் பணத்தில் ஊதியம் பெற்றவர்கள்தாம்.

இவர்கள் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 கணக்கெடுப்பிலேயே சான்று உண்டு. கிருமியோடு வாழும் வயதுவந்தோர் 100 பேரில் தம் நிலையை அறிந்திருந்தவர் ஏறத்தாழ 72 பேர். அறிந்தவர்களில் 100க்கு 96 பேர் மருந்து உண்டனர். உண்டவர்களில் 100க்கு 89 பேருக்குக் கிருமி ஒடுங்கியிருந்தது. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தெரிந்துகொண்டவர் மருந்துக்கு வந்துவிடுகிறார்; மருந்து உண்டவர் பெரும்பாலும் தேறிவிடுகிறார். தெரிந்துகொள்ளாத 28 பேரிடம்தான் எல்லாம் நின்றுபோகிறது. அவர்களை மாத்திரை தேடிப் போகாது. ஒரு மனிதர்தான் கதவைத் தட்ட வேண்டும்; கணவன் அறிந்தால் வீட்டைவிட்டுத் துரத்துவான் என்று நடுங்குகிறவளுக்கு அருகே உட்கார வேண்டும். அந்த மனிதரைத்தான் 'மற்றச் செலவு' என்கிறோம்.

இனி, எத்தனை காலத்துக்கு என்னும் முதல் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மொசாம்பிக்கின் ஆட்சியாளர் சிலர் 2013, 2014 ஆண்டுகளில் தம் நாடாளுமன்றத்துக்கே தெரியாமல், சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் என்றும் கடற்காவல் என்றும் பெயர் சொல்லி, ஏறத்தாழ 200 கோடி டாலர் கடனுக்கு அரசின் பிணை கொடுத்தார்கள். 2016இல் குட்டு உடைந்தது. கொடை நாடுகள் வரவுசெலவுக்கான நேரடி உதவியை நிறுத்தின. அன்றைய நிதியமைச்சர் மானுவேல் ஷாங் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் எட்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தம் மக்களின் நோய்க்குத் தாமே செலவிட வேண்டிய பணத்துக்கு இந்த அரசியல்வாதிகள் பதில் சொல்லியாக வேண்டும். அதை நான் மழுப்பவில்லை. ஆனால் என் வங்கி நண்பரையும் ஒன்று கேட்கிறேன். தம் கிளையில் ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன் கேட்டவர் அவர். நாடாளுமன்ற ஒப்புதல் இருக்கிறதா என்று பாராமல் கோடிக்கணக்கில் கொடுத்த ஐரோப்பிய வங்கிகளை என்ன சொல்வார்? கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் மாளிகையில் இருக்க, தேத்தேயில் மாத்திரை எண்ணும் பெண்ணை நோக்கி 'உன் காலில் நில்' என்பது எந்த அறநூலில் சொன்ன நீதி?

கொடுத்தவர்களின் குற்றம் இன்னொன்றும் உண்டு. இருபது ஆண்டுகளாக, ஆர்வலர்களையும் ஆற்றுப்படுத்துநர்களையும் அரசின் பணியாளர் பட்டியலுக்கு வெளியே, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் திட்டப் பணத்தில் வைத்திருந்தார்கள். 2000களில் அரசின் சம்பளச் செலவுக்கே பன்னாட்டு நிதியத்தின் திட்டப்படி வரம்பு கட்டப்பட்டிருந்தது. செவிலியரை அமர்த்த நினைத்தாலும் கை கட்டுண்டிருந்தது. இப்படி வேர் பிடிக்கவிடாமல் தொட்டியிலேயே வளர்த்துவிட்டு, திடீரென்று ஒரு ஜனவரியில் தண்ணீரை நிறுத்திவிட்டு, செடி ஏன் தானாக நிற்கவில்லை என்று கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்கா அறிவித்த புதிய உத்தி, மருந்தையும் முன்னணிப் பணியாளர்களையும் முதலில் காத்துக்கொண்டு, பொறுப்பைப் படிப்படியாக அந்தந்த அரசுகளிடம் ஒப்படைப்போம் என்கிறது. ஒப்படைப்பதில் எனக்கு மறுப்பில்லை. நெடுநாள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். முன்னணிப் பணியாளர் யார் என்று வரையறுக்கும்போது கதவைத் தட்டுகிறவள் அதில் இருக்கிறாளா என்பதே என் வழக்கு.

நோயாளியைக் கேட்காமல் நல்லது செய்வதும் தீங்காக முடியும் என்பதை அந்நாடே ஒருமுறை பார்த்தது. 2008ஐ ஒட்டி, பகல் மருத்துவமனைகள் எனப்பட்ட தனிச் சிகிச்சை மையங்களை மூடிப் பொது நலநிலையங்களுடன் அரசு இணைத்தது. தனிக் கட்டடமே களங்கத்தை வளர்க்கிறது என்றது அரசு. பொது வரிசையில் தம் இரகசியம் காக்கப்படாது, தம்மை அறிந்த பணியாளர் இருக்கமாட்டார் என்று நோயாளர் பலர் எதிர்த்தனர். இரு பக்கமும் உண்மை இருந்தது. முடிவெடுத்த மேசையில் ஒரு பக்கம்தான் இருந்தது.

நம்மவர்க்கும் ஒரு சொல். இத்தகைய நேரத்தில் திருச்சபையார் முன்வந்து, பணம் நின்றால் என்ன, நம் பெண்கள் தொண்டாகச் செய்வார்கள் என்று சொல்லத் துடிப்பார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பெண்களில் பலர் தாமே நோயாளிகள், பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், வயலில் உழைத்துத்தான் அன்றைய சோறு. மருத்துவருக்கு ஊதியமும் இவர்களுக்கு ஆசீரும் என்றால், தொண்டு என்னும் தூய சொல்லைக் கூலி மறுப்பதற்குத் திரையாக்குகிறோம். அரசின் சம்பளப் பட்டியலில் இவர்களின் பெயர் ஏற வேண்டும். அது ஏறும்வரை கொடை நாடுகள் இவர்களுக்குரிய தொகையைக் குறைக்கக் கூடாது. நலநிலையக் குழுக்களில், எண்ணிக்கைக்கு ஒருவராக அன்றி, வாக்குரிமையோடு நோயாளர் அமர வேண்டும். கேட்பது இவ்வளவே.

இதையெல்லாம் சுருக்கமாக வங்கி அலுவலரிடம் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னேன். முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஆறு பேரில் ஒருவர் இறந்துபோனால் முறை எப்படிப் போகும், சாமி? ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுமே?" என்று கேட்டார். ஆமாம், வந்துவிடும் என்றேன். காலியான இடத்துக்கு யாரைச் சேர்ப்பது என்பதை மீதி ஐவரும் கூடிப் பேசிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன்.